சாம்பார் சூட்டில் வெள்ளி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கிரேஸ் என்றொருத்தி இரண்டு கிலோ வெள்ளியை முருங்கைக்காய் சாம்பாரைச் சுடவைக்கும் சூட்டில் கட்டியாக்கினாள். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள், ஆரம்பாக்கம் வரை கேட்டாலும் பரவாயில்லை. அன்று மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவள் வேலை பார்த்தது வெள்ளிப் பொடி செய்யும் கம்பெனியில். கோலப்பொடி மாதிரி நினைத்துவிடாதீர்கள். அதில் ஒரு துகளைக் கொசுவின் கண்ணில் போட்டால் கொசுவுக்கே உறுத்தாது. பார்க்கக் கரிபோல் கறுத்திருக்கும். அதைத் தட்டில் பரப்பி ஓவனில் அறுபது டிகிரியில் உலர்த்துவது கிரேஸின் வேலை. அன்று திறந்தால் பொடியைக் காணோம். வெளுத்த தகடு ஒன்று தட்டில் கிடந்தது.

தரப் பிரிவு மேலாளர் ஹேமநாத்துக்கு இது திருட்டு என்பதில் சந்தேகமே இல்லை. வெள்ளி உருகத் தொள்ளாயிரத்து அறுபது டிகிரி வேண்டும்; இந்த ஓவன் தலைகீழாக நின்றாலும் இருநூறைத் தாண்டாது. ஆக, யாரோ பொடியை எடுத்துக்கொண்டு ஏதோ தகட்டை வைத்திருக்கிறார்கள். ஓவன் சாவி கிரேஸிடம். மூன்று மணிக்குள் பொடி வராவிட்டால் போலீஸ் வரும் என்றார்.

நடந்தது என்னவென்று கிரேஸுக்குத் தெரியும். தினமும் பன்னிரண்டரைக்குப் பொடித் தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஷிப்டில் இருக்கும் பதினோரு பேரின் சோற்று டப்பாக்களையும் ஓவனில் அடுக்கி, நூற்றைம்பதுக்கு ஏற்றுவார்கள். தெரிந்தால் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும். அன்று லாரியில் சரக்கு ஏற்ற அவசரமாகக் கூப்பிட்ட பரபரப்பில் தட்டை எடுக்க மறந்துவிட்டாள்.

மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் தன் டப்பாவை மட்டும் ஒப்புக்கொண்டாள்.

"நூத்தம்பதுல வெள்ளி உருகுமா?" என்றார் ஹேமநாத்.

"உருகல சார், நகந்துச்சு. டிரெயினிங்ல நீங்கதான் படிச்சுக் காட்னீங்க, மேலாண்ட இருக்கற அணு தனியா அசையாது, வரிசையா சேந்து அசையும்னு. காலைல லோக்கல் வண்டில நிக்கறோமே, அதான். நெரிசல்ல ஒருத்தராலயும் அசைய முடியாது. கதவாண்ட ஒருத்தன் நகந்தா பத்து பேரு வரிசையா நகந்துக்கினு போவான். அணுவுக்கு மேல்பக்கந்தான் கதவு. பொடி எவ்ளோ சின்னதோ அவ்ளோ பேரு கதவாண்டதான், அதான் உருகாமயே ஒட்டிக்கிச்சு."

தான் படித்துக் காட்டியதை ஹேமநாத் நம்பிப் படித்ததில்லை. மூன்று மணி வரை பார்க்கலாம் என்றார்.

கிரேஸ் அடுத்த தட்டுக்கு வைத்திருந்த பொடியில் ஒரு ஸ்பூன் எடுத்துத் தன் டப்பா மூடியில் பரப்பி, நூற்றைம்பதில் உள்ளே தள்ளினாள். எல்லோரும் ஓவனின் கண்ணாடியைப் பார்த்தார்கள். அந்த ஷெட்டில் அடக்கி வைத்த மூச்சை மொத்தமாக விட்டிருந்தால் பழவேற்காட்டுப் படகு ஒன்று துடுப்பில்லாமல் ஆந்திரா போய்ச் சேர்ந்திருக்கும்.

இரண்டே முக்கால். பொடி கறுப்பாகவே இருந்தது. இரண்டு ஐம்பது. அப்போதும் கறுப்பு. மதியம் வேறு எதையாவது தப்பாகச் செய்துவிட்டோமோ என்று கிரேஸே ஓவன் சூட்டை இன்னொரு முறை சரிபார்த்தாள். ஹேமநாத் போனை எடுத்து எண்ணைத் தேடினார்.

பேக்கிங்கில் இருக்கும் தாயாரம்மாள் முன்னால் வந்தாள். "அதுல என் டப்பாவும் இருந்துச்சு சார்."

அடுத்து வரதன் ஒரு எட்டு வைத்தார். அவருக்குப் பின்னால் ஜெபா. அப்புறம் யாரையும் எண்ண முடியவில்லை. வரிசை முழுவதும் நகர்ந்து வந்து ஹேமநாத்தின் முகத்துக்கு நேரே நின்றது. அவர் விரல் போன்மேல் அப்படியே நின்றது.

"சார், ஓரத்தப் பாருங்க" என்றாள் கிரேஸ்.

மூடியின் விளிம்பில் வெளுப்பு தட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்பக்கம் பரவியது. மூன்று அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் துணியைச் சுற்றி மூடியை வெளியே எடுத்து, மேசைமேல் கவிழ்த்தாள். ஒரு துளிப் பொடிகூட உதிரவில்லை. 'ணங்' என்று வில்லைபோல ஒரு தகடு விழுந்தது.

ஹேமநாத் அதைச் சாவியால் சுரண்டினார். பெரிய தட்டில் கிடந்த தகட்டையும் சுரண்டினார். அதே மினுக்கம்.

போன் சட்டைப்பைக்குள் போனது.

"டப்பாவுக்கு வேற அடுப்பு வாங்கிக்கலாம், இதுல இனிமே வேணாம்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "நீங்க எடுக்கல கிரேஸ். சொன்ன மாதிரியேதான் நடந்திருக்கு. என் கண்ணால பாத்துட்டேன்."