இல்லாத இரைச்சல்

மின்கம்பி வழியாகவே இணையம் கொடுக்கும் திட்டத்தை மின்சார அலுவலகம் ஆரம்பித்தபோது, அதனால் யாருடைய ரேடியோவும் கெடாது என்று மேடையேறி அடித்துச் சொன்னவர் ஓர் இளம் பொறியாளர். முதலில் கெட்டது அவருடைய மாமனாரின் ரேடியோ.

மாமனார் முறையாக உரிமம் வாங்கி, மொட்டைமாடியில் ஏரியல் கட்டி, கடல் கடந்த ஆட்களோடு ரேடியோவில் பேசுகிறவர். வீட்டு மனிதர்களிடம் அவ்வளவாகப் பேச்சு கிடையாது. திட்டம் வந்ததிலிருந்து அவர் பெட்டியில் வண்டுக்கூட்டம் புகுந்ததுபோல் ஓயாத இரைச்சல். புகார் கொடுத்தார். ஆய்வுக்கு அலுவலகம் அனுப்பியது மருமகனையேதான்.

இரைச்சலை அளக்கும் கருவியை வைத்ததும் முள் துள்ளி ஓரத்துக்குப் போய்விட்டது.

"என்ன காட்டுது மாப்பிள்ளை?"

"பெருசா ஒண்ணும் இல்ல மாமா. கம்பியில போறது கம்பியோட போயிடும். காத்துல வராது."

"அப்ப இது என்ன, என் காதுல புகுந்த கொசுவா?"

பொறியாளர் "இரைச்சல் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள்.

மாமனார் சளைக்கவில்லை. உரிமம் அனுமதித்த முழுச் சக்தியையும் ஏற்றித் தொண்டை கிழியக் கூப்பிட ஆரம்பித்தார். அவர் வாயைத் திறந்தால் தெரு முழுக்க இணையம் படுத்தது, மூடினால் எழுந்தது. அதே தெருவில் குடியிருந்த அலுவலக மேலாளர், திட்டம் பிரமாதமாக ஓடுகிறது என்று மேலிடத்துக்குக் காணொலியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் பிளந்தபடி திரையில் உறைந்துபோனார்.

"யோவ், உன் மாமனாரை வாயை மூடச் சொல்லுய்யா!"

பொறியாளர் மாடியேறினார். "மாமா, நீங்க பேசினா எங்க கம்பிக்குள்ள..."

"காத்துல போறது கம்பிக்குள்ள எப்படி வரும் மாப்பிள்ளை?"

காபி கொண்டுவந்த மாமியார் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் காபியைச் சிந்தினார். பொறியாளருக்குக் காது மடல் சுட்டது.

"சரி மாமா. நீங்க பேசுற அலைவரிசையை மட்டும் எங்க கம்பியில காலி பண்ணிடறோம். ரெண்டு பேருக்கும் தொந்தரவு இருக்காது."

"இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமே!"

"இரைச்சலே இல்லன்னு சொல்லிட்டோமே. இல்லாததை எப்படி மாமா நிறுத்துறது?"

அந்தத் தெருவுக்கு மட்டும் வேலை நடந்தது. இணையம் சற்று மந்தமாயிற்று. அலுவலகம் அதற்கு "மேம்படுத்தப்பட்ட சேவை" என்று பெயர் வைத்தது. மாமனாரின் பெட்டி பளிங்குபோல் தெளிந்தது. அதன்பின் அவர் மாடியை விட்டு இறங்கவேயில்லை.

ஒருநாள் மாமியார் மருமகனை ஓரமாக அழைத்தார். "மாப்பிள்ளை, இரைச்சல் இருந்தப்ப சாப்பிடவாவது மனுஷன் கீழ வந்தார். அதைக் கொஞ்சம் திரும்ப விட முடியாதா?"

"புகாரா எழுதிக் குடுங்க அத்தை," என்றார் பொறியாளர், யோசிக்காமலே.