ஓட்டு எண்ணும் முன்பே வந்த சாப்பாடு

அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் வடக்குக் கோடியில், நார்பி என்ற அந்தச் சின்ன ஊரில், யாரும் யாரிடமும் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லமாட்டார்கள். நாசமாய்ப் போன மரியாதை! ஜோலீன் ப்ராட்டன் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் பெற்ற பிள்ளை விஷயம் என்று வரும்போது தெரிந்ததெல்லாம் மறந்து தொலைக்கிறதே.

அவள் மகள் பிரிட்டாவுக்கு எட்டு வயது. பேச்சும் படிப்பும் மற்றப் பிள்ளைகளைப் போல வராது. ஊர்ப் பள்ளியில் கெயில் டீச்சர் நடத்தும் தனி வகுப்பில்தான் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துக்கூட்டப் பழகிக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பை மூடிவிடலாம், அந்தப் பிள்ளைகளை வேனில் ஏற்றி ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கும் பெரிய ஊருக்கு அனுப்பிவிடலாம், மிச்சப்படுவதில் ஐஸ் ஹாக்கி மைதானத்துக்குக் கூரை போடலாம் என்று பள்ளி வாரியத்தில் பேச்சு கிளம்பியது. கிளப்பியவர் வாரிய உறுப்பினர் ரஸ் லிண்டால். ஹாக்கி பயிற்சியாளர் வேறு. ஊரே அவர் பக்கம். ஜோலீன் பக்கத்து ஊர்ப் பள்ளியில் டீச்சர். வாரியக் கூட்டங்களில் கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். கடைசியில் நவம்பரில் நடந்த வாரியத் தேர்தலில் ரஸ்ஸை எதிர்த்து அவளே நின்றுவிட்டாள்.

வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். "நல்ல காரியம் பண்றம்மா" என்றார்கள். தன் பெயர் எழுதிய தேர்தல் பலகையை வாசலில் நட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டால், "அதுக்கென்ன, தாராளமா நடு. ரஸ்ஸோட பலகை பக்கத்துலயே இடம் இருக்கு பாரு" என்றார்கள்.

அவள் கணவன் லைல், லாரி மெக்கானிக். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"ஒருத்தராவது உங்கூட சண்டை போட்டாங்களா?"

"இல்லையே. எல்லாரும் அன்பாத்தான் பேசினாங்க."

"அப்ப போச்சு போ."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா லைல்?"

தேர்தல் நாளன்று சாயங்காலம், பள்ளியிலிருந்து வந்து கோட்டைக் கழற்றக்கூட இல்லை, கதவு தட்டும் சத்தம். பாதிரியாரின் மனைவி நின்றிருந்தாள். கையில் துண்டு சுற்றிய ஒரு ஹாட்டிஷ். அடியில் கொத்துக்கறி, நடுவில் காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி ஓவனில் வேகவைத்தது. "இன்னிக்கு உனக்கு அடுப்பு பத்த வைக்க எங்க நேரம் இருக்கப்போகுது?" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஜோலீனுக்கு மனசு நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தபால்காரர் வீட்டிலிருந்து ஒன்று வந்தது. பிறகு எதிர்வீட்டிலிருந்து ஒன்று.

லைல் வேலை முடிந்து வந்தான். மேசையைப் பார்த்தான்.

"யாரு செத்தா?"

ஜோலீன் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றது. அந்த ஊரில் இப்படி வரிசையாக ஹாட்டிஷ் வருவது துக்க வீட்டுக்குத்தான். அவள் அம்மா இறந்தபோது இதே வீடுகளிலிருந்து, இதே பாத்திரங்களில்தான் வந்தது. ஓட்டுப் போட இன்னும் நேரம் இருந்தது. ஒரு ஓட்டுக்கூட எண்ணியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு ஆர்லீன் பின்கதவு வழியாக நுழைந்தாள். பிரிட்டாவைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவள். அவள் கையிலும் ஒரு பாத்திரம்.

"ஓட்டுப் போட்டுட்டீங்களா ஆர்லீன்?"

"காலையிலேயே போட்டாச்சே."

"யாருக்கு?"

அந்த ஊரில் யாரும் கேட்கக்கூடாத கேள்வி. லைல் தலை குனிந்துகொண்டான். ஆர்லீன் பாத்திரத்தின் மேலிருந்த துண்டை எடுத்தாள், மறுபடியும் போர்த்தினாள்.

"என் பேரனுங்க ரெண்டு பேரும் கொட்டுற பனியில ஆடுறாங்க ஜோலீன். கூரைன்னு ஒண்ணு வேணும்ல? நீ தைரியசாலி. எப்படியும் சமாளிச்சுப்பே. நம்ம பிரிட்டாவும் தங்கமான பொண்ணு, வேன்ல சமத்தா உக்காந்துக்கும்."

ஜோலீன் தோற்றாள். கொஞ்சநஞ்சமாக இல்லை, படுதோல்வி. அடுத்த கூட்டத்திலேயே வாரியம் கிறிஸ்துமஸோடு அந்த வகுப்பை மூடுவதென்று முடிவெடுத்துவிட்டது.

பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. அங்கே பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது வேறு ஒரு வழக்கம். ஜோலீன் சனிக்கிழமை முழுக்க நின்று சாக்லேட் கேக் சுட்டு, துண்டு துண்டாக வெட்டி எல்லாப் பாத்திரத்திலும் வைத்தாள். தனக்கு ஓட்டுப் போடாதவர்களுக்குத் தன் கையாலேயே! மறுநாள் பிரிட்டாவையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனாள். ஆர்லீனுக்கு மட்டும் நாலு வார்த்தை வைத்திருந்தாள். விடியாத இருட்டில், தெரியாத டிரைவரோடு, சரியாகப் பேச வராத பிள்ளையை ஏற்றிவிடப் போகிறேனே, உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டுவிட வேண்டும். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஆர்லீன் கதவைத் திறந்தாள். பிரிட்டா பாத்திரத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். யார் பாத்திரம் என்று தெரிய அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. பிரிட்டா அண்ணாந்து பார்த்து, திக்கித் திணறிப் படித்தாள். "ஆ... ஆர்... லீன்."

"அடி என் கண்ணே!" ஆர்லீனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு அழகா படிக்கிற! யாருடி உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"கெயில் டீச்சர்" என்றாள் பிரிட்டா.

ஆர்லீன் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, ஜோலீனின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஹாட்டிஷ் நல்லா இருந்துச்சா?"

ஜோலீன் ஒரு வாய்கூடத் தின்றிருக்கவில்லை. வைத்திருந்த நாலு வார்த்தையும் தொண்டையில்தான் இருந்தது. ஆனால் அவளும் நார்பிக்காரிதானே.

"ரொம்ப நல்லா இருந்துச்சு ஆர்லீன்" என்றாள். "ரொம்ப நன்றி."