தோற்றால் வரும் போன்

அப்பாவின் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டே பெரியவன் இடது கையிலிருந்த போனைப் பார்த்தான். முதல் செட் மூன்றுக்கு ஆறு. தம்பி தோற்றுக்கொண்டிருந்தான். பெரியவனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"போன் வந்துச்சா?" என்றார் அப்பா.

"இன்னும் இல்லப்பா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். படுக்கையில் விழுந்ததிலிருந்து அவர் கேட்பது இந்த ஒரே கேள்விதான். இல்லை என்று சொன்னால் அதற்குமேல் ஒன்றும் பேசமாட்டார். மகன் ஜெயிக்கிறான் என்ற நிம்மதி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அது அந்த வீட்டுப் பழக்கம். டென்னிஸ் போட்டிக்கு வெளியூர் போனால், தோற்ற பிறகுதான் சின்னவன் வீட்டுக்குப் போன் செய்வான். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது பேசினால் ராசி போய்விடுமாம். வீட்டிலிருந்தும் யாரும் கூப்பிடக் கூடாது. அவன் ஆடுவதெல்லாம் டிவியில் காட்டுகிற போட்டிகள் இல்லை. அதற்கெல்லாம் கீழே, பந்து பொறுக்கிக் கொடுக்கக்கூட ஆளில்லாத மைதானங்களில், நாலு பேர் உட்கார்ந்து பார்க்கிற போட்டிகள். ஒற்றையரில் முப்பத்திரண்டு பேர் ஆடுவார்கள், முப்பத்தோரு பேர் தோற்பார்கள். சின்னவன் எப்போதும் அந்தப் பெரிய கூட்டத்தோடு இருப்பான். புதன்கிழமை தாண்டி அவனிடமிருந்து போன் வராமல் இருந்ததே கிடையாது.

இந்த வாரம் பார்த்து விடாமல் ஜெயித்துத் தொலைத்தான். இன்று சனிக்கிழமை, அரையிறுதி. இத்தனை வருஷம் இந்தத் திறமையெல்லாம் எங்கேடா போயிருந்தது என்று பெரியவன் மனசுக்குள் திட்டினான்.

டாக்டர் முந்தாநாளே கையை விரித்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்ல வேண்டியவன் ஒருத்தன்தான். அம்மா போனைக் கையில் எடுத்தபோது அப்பா கையைத் தூக்கித் தடுத்தார். ஆடுகிறவனிடம் எதையும் சொல்லக் கூடாது, சொன்னால் என்மேல் ஆணை என்று எல்லோர் வாயையும் கட்டிப்போட்டுவிட்டார். அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள். பெரியவனுக்கு ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. தம்பி தோற்க வேண்டும். தோற்றால் போன் வரும், சாயங்கால விமானத்தைப் பிடித்தால் அப்பாவை உயிரோடு பார்த்துவிடுவான். கூடப்பிறந்தவன் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

"ஸ்கோர் என்ன?" என்று அன்றைக்குப் புதிதாகக் கேட்டார் அப்பா.

பெரியவன் மோட்டார் பம்ப் கடை வைத்திருப்பவன். அவனுக்கும் டென்னிஸுக்கும் ஏழாம் பொருத்தம். பதினைந்து, முப்பதுக்கு அப்புறம் நாற்பத்தைந்துதானே வர வேண்டும், ஏன் நாற்பது என்று கேட்டு ஒருமுறை அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். இப்போது சாகப்போகிற மனுஷனிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஆறுக்கு அஞ்சு. மொத செட் தம்பிக்குத்தான்பா."

அப்பா கண்ணைத் திறந்தார். உதடு மட்டும் அசைந்தது. பெரியவன் காதைக் கிட்டத்தில் கொண்டுபோனான்.

"ஆறு அஞ்சுல செட் முடியாதுடா. ஏழு வேணும்."

பெரியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பொய் சொல்லக்கூட ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது. அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோக்குறானா?"

"ஆமாப்பா."

கோபப்படுவார், வருத்தப்படுவார் என்று நினைத்தான். அப்பாவின் முகம் தெளிந்தது.

"அப்ப வருவான்," என்றார்.

பெரியவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அடப்பாவி மனுஷா, இவ்வளவு நாளும் போன் வந்துச்சா போன் வந்துச்சா என்று கேட்டது இதற்குத்தானா. மகனைப் பார்க்க ஆசை. அதை வாய்விட்டுச் சொன்னால் மகன் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்துவிடுவான். அதனால் அவனாகத் தோற்று வரட்டும் என்று காத்துக்கிடந்திருக்கிறார். ஒரே நினைப்பை ஆளுக்கொரு பக்கம் மறைத்துவைத்துக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் நாடகம் ஆடியிருக்கிறார்கள்.

போனில் எண் மாறியது. இரண்டாவது செட்டில் சின்னவன் சமன் செய்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்தச் செட்டை ஏழுக்கு ஐந்து என்று எடுத்தும் விட்டான்.

"முடிஞ்சுதா?"

பெரியவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "முடிஞ்சுதுப்பா. தோத்துட்டான்."

"கெளம்பிட்டானா?"

"கெளம்பிட்டான்."

அப்பா தலையை வாசல் பக்கம் திருப்பச் சொன்னார். பெரியவன் தலையணையைச் சரிசெய்து திருப்பிவைத்தான். அம்மா வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள். தம்பி செட்டை எடுத்ததை அவளிடமும் அவன் சொல்லவில்லை. அப்பாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது, பிறகு இடைவெளி விட்டு வந்தது, பிறகு வரவில்லை. அம்மா அவர் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "போயிட்டாருடா," என்றாள்.

பெரியவன் போனைப் புரட்டினான். மூன்றாவது செட் நாலுக்கு நாலு என்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அவன் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன. நடுவில் கூப்பிட்டாலும் ஆடுகிறவன் கையில் போன் இருக்காது. பெரியவன் அப்பாவின் கண்களை மூடினான், தாடைக்குத் துணி கட்டினான், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தான். வந்து பார்த்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. தம்பி ஆறுக்கு நாலு என்று ஜெயித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக இறுதிக்குப் போயிருந்தான்.

கொஞ்ச நேரம் விட்டுப் பெரியவனே கூப்பிட்டான். சின்னவன் உடனே எடுத்தான். மூச்சு வாங்கியது. வீட்டிலிருந்து போட்டி நடுவில் போன் வருவதற்கு என்ன அர்த்தம் என்று சந்தோஷத்தில் அவனுக்கு உறைக்கவில்லை.

"அண்ணே, ஃபைனல்ணே. பாத்தியா நீ?"

"பாத்தேன்டா. அப்பா போயிட்டாரு."

அந்தப் பக்கம் எங்கோ யாரோ பந்தை அடித்துப் பழகிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் வரேன்ணே," என்றான் சின்னவன்.

நாளைக்கு ஆடிவிட்டு வா என்று பெரியவன் சொல்லவில்லை. ஆடாமலேயே எதிராளிக்குக் கோப்பை போய்விடும் என்று சின்னவனும் சொல்லவில்லை. நடுவரிடம் சொல்லிவிட்டு, குளிக்கக்கூடச் செய்யாமல் விமான நிலையத்துக்குப் போனான்.

மறுநாள் காலையில் வந்து சேர்ந்தான். கூடத்தில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். அப்பா முகத்தை நெடுநேரம் பார்த்தான், அழவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டபோது மட்டும் தோள் குலுங்கியது. பிறகு பெரியவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஜெயிச்சேன்னு அப்பாவுக்குத் தெரியுமாணே?"

இந்த ஒன்றைத்தான் கேட்பான் என்று பெரியவனுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க யோசித்தும் வைத்திருந்தான்.

"தெரியும். சொன்னேன்டா."

"என்ன சொன்னாரு?"

இதை அவன் யோசித்துவைக்கவில்லை. வாயில் வந்தது அப்பா சொன்னதுதான்.

"வருவான்னு சொன்னாரு."

சின்னவன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண்கள் அப்படியே அப்பாவுடையவை.

"ஜெயிச்சா எப்படிணே வருவேன்?"

பெரியவன் கண்ணில் நீர் திரண்டது. சின்னவனுக்குப் புரிந்துவிட்டது. கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, நேற்று ஆடிய சாக்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றினான். வெயிலில் கருத்த கால்களில் கணுக்காலுக்குக் கீழே மட்டும் பாதம் வெளுப்பாக இருந்தது. அந்தக் கால்களை நீட்டி, கட்டில் சட்டத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.