சந்தையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்

1

இந்தக் கதை என் வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாடிய முள்ளங்கி மூன்று, பீட்ரூட் பதினொன்று.* வாராவாரம் காய்கறிப் பெட்டி அனுப்பும் நிறுவனத்துக்குச் சந்தா கட்டிய புண்ணியம். "இத வச்சு என்ன செய்யறது?" என்று என் மனைவி கேட்டாள். கதை எழுதலாம் என்றேன். அவள் பார்த்த பார்வையை அச்சில் ஏற்ற வழியில்லை.

(* என் மனைவியின் திருத்தம்: பன்னிரண்டு. கதவுத் தட்டில் ஒன்று இருக்கிறதாம்.)

2

முதல் தொடக்கம்: "மண்ணின் வாசத்தைச் சுமந்து வந்த அந்தப் பெட்டிக்குள் ஓர் உழவரின் வியர்வை—"

இது கதையல்ல, அந்த நிறுவனத்தின் விளம்பரம்.

இரண்டாவது: "மனிதனுக்கும் காய்கறிக்குமான உறவு ஆதியிலிருந்தே—"

(இப்படி ஆரம்பிப்பவர்களை மேடைகளில் பார்த்திருக்கிறேன். மைக்கைப் பிடுங்கினால்தான் உட்காருவார்கள்.)

மூன்றாவது: ஒரு மெய்ப்புத் திருத்துநர் இருந்தார்.

போதும், இதுவே இருக்கட்டும்.

3

அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறார். விட்டுப்போன ஒற்றுகளைச் சிவப்புப் பேனாவால் பிடித்துப் போடுவதால் அங்கே அவருக்கு 'ஒற்றர்' என்று பெயர். இத்தனை வருடத்தில் ஒரு பிழைகூடத் தன்னைத் தாண்டிப் போனதில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்ப்பவள். கண்ணாடிக்காரி என்று வைத்துக்கொள்வோம்.

சனிக்கிழமைக் காலையில் இருவரும் சந்தைக்குப் போவார்கள். வாரத்திலேயே அந்த ஒன்றரை மணி நேரம்தான் ஒற்றர் வாய் திறப்பார். விலைப் பலகைகளில் இருக்கும் பிழைகளைப் படித்துக் காட்டுவார். 'முட்டைகோஸ்' என்று ஒரு பலகை. "பாவம், நீங்க ஒரு 'க்' கடன் குடுங்களேன்" என்று அவள் சிரிப்பாள். அவர்கள் காதல் அவ்வளவுதான். ஆனால் அது இருந்தது.

அப்புறம் காய்கறி நிறுவனத்தின் பிரசுரம் திருத்தத்துக்கு வந்தது. நாற்பத்துமூன்று பிழை. திருத்தி முடித்தபோது ஒற்றருக்கு அதில் நம்பிக்கை வந்துவிட்டது. பிழையில்லாமல் எழுதிய வாக்கியம் பொய் சொல்லாது என்று நினைக்கிற ஆள்.

(இப்படி ஒருவர் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. என் சந்தா ரசீதை எடுத்துப் பார்த்தேன். இருப்பார்.)

ஒரு வருடச் சந்தா. பெட்டி வாசலுக்கே வந்தது. சந்தைக்குப் போகிற வேலை ஒழிந்தது. ஒற்றர் பேசுகிற வேலையும் ஒழிந்தது.

4

"குடுக்கற காசுக்குக் கட்டுப்படியாகுதா இல்லையா, அதச் சொல்லுங்க" என்றாள் கண்ணாடிக்காரி, நான்காம் மாதம்.

"போய் வர்ற நேரம் மிச்சம்."

"மிச்சமான நேரத்த எங்க வச்சிருக்கீங்க? ஃபிரிட்ஜுலயா? அங்க இடமில்லையே."

"பீட்ரூட் ரத்தத்துக்கு நல்லது."

"இருக்கற ரத்தமே கொதிக்குது. இதுல புதுசா வேறயா?"

"புடிக்கலன்னா எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம். பிரசுரத்துல போட்டிருக்கு. நானே திருத்தினது."

"அப்ப நிறுத்துங்க. சனிக்கிழமை என்கூட வாங்க." அவள் அவரைப் பார்க்காமல் பீட்ரூட்டைப் பார்த்துச் சொன்னாள். "காய் வாங்கக்கூட வேணாம். அந்தப் பலகைங்களப் படிச்சுக் காட்டுங்க, போதும்."

5

ஒற்றர் நிறுவனத்துக்குப் போன் செய்தார்.

"வருஷம் முடியாம நிறுத்த முடியாதுங்க சார்" என்றாள் அங்கிருந்த பெண்.

"முடியும்மா. ஏழாவது நிபந்தனை, படிங்க."

படித்தாள். "'சந்தையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.' சந்தைன்னுதான் சார் இருக்கு. சந்தான்னு இல்லையே."

ஒற்றர் பிரசுரத்தை எடுத்துப் பார்த்தார். சந்தையேதான். 'வேண்டுமாணாலும்' என்று இருந்ததில் மூன்றுசுழியை இரண்டுசுழியாக்கிய மிதப்பில், இரண்டு சொல் முன்னால் நின்றிருந்ததைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்.

"இது… அச்சுப் பிழைம்மா."

"அப்ப சுலபம் சார். திருத்தினவரு 'என் தப்பு'ன்னு எழுதிக் குடுத்தா இன்னிக்கே நிறுத்திடலாம். அச்சக முதலாளிக்கும் ஒரு நகல் போகும். யாரு சார் திருத்தினது?"

சமையலறை வாசலில், நான்கு மாதமாக மடித்தே கிடந்த சந்தைப் பையை உதறிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

6

முடிவு அ: "நான்தாம்மா." கண்ணாடிக்காரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போற வழியில கடைக்கு வாங்க, பவர் பாத்துடலாம்" என்கிறாள். (என் மனைவிக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எனக்குச் சந்தேகம் வரக் காரணமே அதுதான்.)

முடிவு ஆ: "விசாரிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிடுகிறார். அவள் பையை மறுபடி மடிக்கிறாள். சனிக்கிழமை பெட்டி வருகிறது. உள்ளே என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (இதை எழுதும்போது கை தயங்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.)

முடிவு இ: இருபத்தாறு வருடப் பெருமையும் ஒன்றரை மணி நேரச் சிரிப்பும் தராசின் இரு தட்டுகளில்—

(தராசா? என்னிடமிருந்தே மைக்கைப் பிடுங்க வேண்டும்.)

என் சந்தாவே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை முடித்துவைக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒற்றர் போனோடு நிற்கிறார், அவள் பையோடு நிற்கிறாள். கடைசி வாக்கியத்தில் ஓர் எழுத்தை விட்டுவைத்திருக்கிறேன். 'தா'வோ 'தை'யோ, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். போட்டபின் தயவுசெய்து ஒருமுறை சரிபாருங்கள்.

அன்றோடு அந்த வீட்டில் அடியோடு நின்றது சந்__.