எரிய மறுத்த மன்மதன்

மணி பதினொன்று ஐந்து. மன்மதன் இன்னும் எரியவில்லை.

சர்மிளா கைக்கடிகாரத்தையும் மன்மதனையும் மாறி மாறி முறைத்தாள். பதினொன்றரைக்கு ஸ்கூல் பஸ் புறப்பட வேண்டும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்தை அருங்காட்சியகமாக்கி, பத்து மாதமாக அவள்தான் நடத்துகிறாள். இதுவரை வந்த பள்ளிக்கூடங்கள் மூன்றே மூன்று. தோட்ட நிர்வாகியான துரை நேராகவே சொல்லிவிட்டார்: கல்விக் காரியாலயத்தின் சுற்றுலாப் பட்டியலில் இந்த மாதம் பெயர் ஏறாவிட்டால், லயம் மறுபடி உர ஸ்டோர்.

அதைத் தீர்மானிக்க வந்த கல்வி அதிகாரி அலோசியஸ் சேர் அறுபது பிள்ளைகளுக்கு முன்னால், படிவமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

தோட்டத்துத் திருவிழாக்களை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் தைப்பொங்கல் பொங்கியாகிவிட்டது. மாசி மாதத்துக் காமன் கூத்துதான் பாக்கி. சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார். மன்மதன் நகர்ந்துகொள்ள, பின்னால் நட்டிருக்கும் வைக்கோல் காமன் எரியும். ரதி அழுவாள். மூன்றாம் நாள் மன்மதன் உயிர்த்தெழுவான். அந்த மூன்று நாளை மூன்று நிமிடமாகச் சுருக்கியிருந்தாள் சர்மிளா.

சிவன், ராகலை வீரய்யா. மன்மதன், அக்கரப்பத்தனை கந்தப்பன். வேஷம், பாட்டு, சாப்பாடு எல்லாம் கேட்டவள், எந்தக் கட்சி என்று மட்டும் கேட்கவில்லை. காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி, எரியவே இல்லை என்பது மறு கட்சி. திருவிழாவில் விடிய விடியப் பாட்டிலேயே மோதிக்கொள்வார்கள். கந்தப்பன் எரியாத கட்சி. வைக்கோலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நகருங்க மாமா!" என்றாள் சர்மிளா.

"நகந்தா எரிஞ்சான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்மா. அப்புறம் எங்க தோட்டத்துல எவன் என்னைய மதிப்பான்?"

"எரிஞ்சான்டா!" ஒரு கையில் எரியும் பந்தத்தோடு வீரய்யா மறுகைச் சூலத்தை ஆட்டினார். "ரதி தாலி அறுத்தா. இன்னும் என்ன சாட்சி வேணும் ஒனக்கு?"

"மூணாம் நாள் எந்திரிச்சு வந்தானே, சாம்பலாவா வந்தான்?"

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ரதி வேஷம் கட்டிய நிரஞ்சன் மீசையைச் சொறிந்துகொண்டு போன் பார்க்க உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, உங்க சண்டைய பஸ் போனப்புறம் வச்சுக்குங்க. கால்ல விழுறேன்."

"சண்டையா? இது தர்க்கம்மா!" இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

முன்வரிசையில் தனுஷிகா என்ற சிறுமி எழுந்தாள். "எரியலேன்னா ரதி பொய்யாவா அழுதாங்க?"

"அப்பிடிக் கேளு தாயி!" என்றார் வீரய்யா.

"இருங்க இருங்க." அலோசியஸ் சேர் பேனாவை மூடினார். "காமன் எரிஞ்சிருந்தா ஒலகத்துல காதலே இருந்திருக்கக் கூடாதே?"

'நீங்களுமா சேர்!' சர்மிளா தலையில் கை வைத்தாள். பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து பெஞ்சுகளை இழுத்துப் போட்டார்கள். டிரைவர் ஹோர்ன் அடித்தார். யாரும் திரும்பவில்லை.

பதினொன்று இருபத்தெட்டு. போதும். வீரய்யாவின் கையிலிருந்த பந்தத்தைப் பிடுங்கினாள். கந்தப்பனைத் தோளால் இடித்து நகர்த்தினாள். வைக்கோலில் வைத்தாள். குபீரென்று பிடித்தது.

"எரிஞ்சிருச்சு! எல்லாரும் பாத்தீங்கல்ல? முடிஞ்சிது! பஸ்ல ஏறுங்க!"

கந்தப்பன் நெருப்பருகில் நிதானமாகக் குனிந்து பார்த்தார். "வைக்கோலு எரியுது. காமன் எங்கம்மா எரியுறான்?"

மறுபடியும் ஓ!

பஸ் பன்னிரண்டேகாலுக்குத்தான் போனது. ஏறும்போதும் ஒரு பக்க ஜன்னல் "எரிஞ்சான்" என்றது, மறுபக்கம் "இல்லே" என்றது.

அலோசியஸ் சேர் படிவத்தை நீட்டினார். சர்மிளா வாங்கிப் படித்தாள். 'நேரத்துக்கு முடிந்ததா?' இல்லை. 'பட்டியலில் சேர்க்கலாமா?' ஆம். 'நிகழ்ச்சி நேரம்: ஒரு மணித்தியாலம்' என்பதை வெட்டி, 'அரை நாள்' என்று எழுதியிருந்தார்.

"வாரத்துக்கு ரெண்டு ஸ்கூல் அனுப்புறேன். இதே ரெண்டு பேரும் கட்டாயம் இருக்கணும்."

லயம் தப்பித்தது. சர்மிளா திரும்பிப் பார்த்தாள். அணைந்த சாம்பலைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு, வீரய்யா கந்தப்பனைத் துரத்திக்கொண்டிருந்தார்.

வாரத்துக்கு ரெண்டு!