ஒரு எழுத்தும் பிசகாமல்

1

இந்தக் கதை எனக்குக் கோப்பை கழுவுகிற இடத்தில் கிடைத்தது. 1986, சுவிட்சர்லாந்தில் டாவோஸ், ஒரு ஹோட்டலின் பின்வாசல். ஜெர்மன் இராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற பிராண்ட்னர் மேல்மாடியில் மனைவியோடு தங்கியிருந்தார். நுரையீரலுக்காக மலைக்கு வந்தவர், மனைவிக்குத் தெரியாமல் சிகரெட் பிடிக்க, அங்கே கோப்பை கழுவிய இலங்கை அகதிகளான எங்களிடம் இறங்கி வருவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வயர்லெஸ்.

(பனி பொழிகிறது என்று தொடங்கியிருந்தேன். வெட்டிவிட்டேன். பின்வாசலில் குப்பைத்தொட்டிகள்தான் இருந்தன.)

2

அவருடைய உத்தியோகம்: பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்து கேபிள் சுமந்தார். பிறகு மோர்ஸ் தந்தி. உலகப்போரில் ரஷ்ய முனையில் ஒரு வயர்லெஸ் வண்டிக்குப் பொறுப்பு. ஜெர்மனி தோற்றதும் சிறை. ஐம்பதுகளில் மேற்கு ஜெர்மனி புதிய இராணுவம் கட்டியபோது அதே வேலைக்குக் கூப்பிட்டார்கள். லெப்டினன்ட் கேணலாக இளைப்பாறினார்.

எழுதி முடித்ததும் அலுத்துவிட்டது. ஏறிய படிகள் இருக்கின்றன, ஆளைக் காணவில்லை.

3

எங்களோடு கோப்பை கழுவிய சச்சிதானந்தன் அண்ணைக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, வரும். அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கவும் போவார். வந்த செய்தியை எப்போதாவது மாற்றி அனுப்பியதுண்டா என்று ஒரு நாள் பிராண்ட்னரிடம் கேட்டார். கிழவர் சொன்னதை எங்களுக்குத் தமிழில் சொன்னார்:

"ஒருக்காலும் இல்லையாம். கைதியளைச் சுடச் சொல்லி ஒரு கட்டளை வந்ததாம். ஒரு எழுத்தும் பிசகாமல் அனுப்பினவராம். அண்டைக்கு வயர்லெஸ் நல்லாய்க் கேட்டதாம்."

"மனுசன் பெருமையாயெல்லோ சொல்லுறார்!" என்றான் பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த குகநாதன்.

"பின்ன? அதுக்குத்தானே அவருக்குச் சம்பளம்" என்றார் அண்ணை.

(இந்த இடத்தில் பிராண்ட்னர் கண்கலங்கியதாக எழுதினேன். பொய். சிகரெட் வாசம் தெரியாமலிருக்க ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு மேலே போனார்.)

4

(குகநாதன் ஒரே ஆள் இல்லை. எங்கள் அறையில் இருந்த மூன்று பேரைச் சேர்த்து ஒருவனாக்கினேன். விசாரணை அறைக்குள் நான் போனதும் இல்லை.)

அடுத்த கிழமை கூர் நகரத்தில் குகநாதனுக்கு அகதி விசாரணை. மொழிபெயர்ப்பு சச்சி அண்ணை. ஊரில் ஆமிக்காரர் முகாமில் வைத்து அவன் உடம்பில் செய்தது எங்களுக்கெல்லாம் தெரியும். அதைச் சொல்லாவிட்டால் நிச்சயமாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் பதிவு செய்ய டைப்ரைட்டருக்கு முன்னால் ஒரு இளம்பெண் இருந்தாள்.

முகாமில் என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டார்.

"அடிச்சவங்கள்."

வேறு?

"வேற ஒண்டும் இல்லை."

சச்சி அண்ணை குரலைத் தாழ்த்தினார். "டேய், சொல்லனடா."

"அந்தப் பெட்டைக்கு முன்னாலையோ? விடுங்கோ அண்ணை."

அதிகாரி நிமிர்ந்தார். "என்ன சொல்கிறார்?"

5

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் முடிவு: "வேறு ஒன்றுமில்லையாம்." சரியான மொழிபெயர்ப்பு. பிராண்ட்னர் பதவி உயர்வே கொடுப்பார்.

இரண்டாவது: அவன் சொல்லாததைச் சச்சி அண்ணையே சொல்கிறார். வாசிக்க நன்றாயிருக்கும். பிடிபட்டால் அவனும் போனான், இவரும் போனார். இவருடைய அகதி வழக்குக்கே இன்னும் முடிவு வரவில்லை.

மூன்றாவதைத்தான் வைத்திருக்கிறேன். "இந்தப் பெண் வெளியே போனால் இவர் கதைப்பார்" என்கிறார் சச்சி அண்ணை. அப்படிக் கேட்க அவருக்கு அதிகாரமில்லை. அதிகாரி யோசிக்கிறார். பெண் எழுந்து போகிறாள். அதிகாரி டைப்ரைட்டரைத் தன் பக்கம் இழுத்து, தானே தட்ட இரண்டு விரலை நீட்டிக்கொண்டு இருக்கிறார்.

குகநாதன்

குகநாதன் தொண்டையைச்

இல்லை. உண்மை சொன்னவர்களையும் திருப்பி அனுப்பினார்கள், அதனால் சொன்னால் தப்புவான் என்று உங்களுக்கு உறுதி தர முடியாது. அவன் வாயால் வர வேண்டியதை நான் எழுதினால் அது மறுபடியும் இரண்டாவது முடிவுதான். எழுதத்தான் வேண்டுமென்றால் நீங்கள் எழுதுங்கள். ஆனால் முதலில் அவனுடைய கதிரையில் போய் இருந்துவிட்டு எழுதுங்கள்.