ஜெயலட்சுமி டீச்சரின் முதுகு

செந்துறைக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது முதலில் நின்றுபோனது முதியோர் கல்வி வகுப்புதான். ஜெயலட்சுமி டீச்சருக்கு இரண்டு கண்ணும் வீங்கி ஒட்டிக்கொண்டன. பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் என்று ஊரே நம்பியது. சாயங்காலம் படிக்க வந்த பதினொரு பெண்களும் சிலேட்டைக் கவிழ்த்துவிட்டார்கள்.

என் அம்மா கொளஞ்சியம்மாள் மட்டும் அடங்கவில்லை. திங்கட்கிழமை என்னை அரியலூரில் பயிற்சிப் பள்ளியில் சேர்க்க வேண்டும். படிவத்தில் பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள். அவள் பெயரின் எட்டு எழுத்தில் நான்குதான் கைக்கு வந்திருந்தது. என்னோடு படிக்கப்போகிறவர்கள் முன்னால் கைநாட்டு வைத்துவிட்டு, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு நிற்க அவளுக்கு மனமில்லை. நான் சொல்லித்தருகிறேன் என்றேன். "பெத்த மவகிட்ட திட்டு வாங்கறதுக்குக் கடலக்காட்டுக்கே போயிடுவேன்" என்றாள்.

நேராக டீச்சர் வீட்டு ஜன்னலில் போய் நின்றாள்.

"டீச்சர், உங்க மூஞ்சிய நான் பாக்கலீங்க. முதுக மட்டும் காட்டுங்க."

டீச்சர் சிரித்துக்கொண்டே ஜன்னல் கம்பியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். அம்மா கம்பிக்குள் விரலை விட்டு முதுகில் எழுதினாள்.

"புள்ளி வச்சீங்களாக்கா?"

"வச்சனே!"

"கொசுன்னு நெனச்சிட்டேன். அழுத்தி வைங்க."

மூன்றாம் நாள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். தெருவில் வரிசையாக உட்கார்ந்து, ஒருத்தி முதுகில் ஒருத்தி எழுதினார்கள். யாரும் யார் கண்ணையும் பார்க்கவில்லை. ஆனால் வியர்வையைத் துடைக்க டீச்சர் நீட்டிய துண்டு எல்லார் முகத்தையும் சுற்றி வந்தது. எங்கள் புத்தி அவ்வளவுதான்.

திங்கட்கிழமை விடிந்தபோது அம்மாவுக்குக் கண் திறக்கவில்லை. அன்றுதான் கடைசி நாள். கையைப் பிடித்து பஸ் ஏற்றினேன். எங்கள் சீட்டுப் பக்கம் ஒருவரும் வரவில்லை. ஆபீஸில் குமாஸ்தா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி மைப்பெட்டியைத் தள்ளினார்.

"கண்ணு தெரியலன்னா கைநாட்டு வச்சிட்டுப் போங்கம்மா."

"வேணாங்க. சிந்தாமணி, பேனாவ எடத்துல கொண்டுபோய் வையி."

வைத்தேன். உதடு அசைய அசைய எழுதினாள். பெயர் கோட்டைத் தாண்டியது, முத்திரை வைக்கிற இடத்தைத் தாண்டியது. கடைசி எழுத்து காகிதத்தை விட்டே இறங்கி மேசைமேல் விழுந்தது.

"சரியா வந்துச்சாடி?"

"வந்துச்சும்மா."

குமாஸ்தா படிவத்தை எடுத்துப் பார்த்தார். மேசையில் மை ஈரமாக இருந்தது. துடைக்கலாம் என்று தாவணி முனையை எடுத்தேன்.

"இரும்மா, காயட்டும்" என்றார்.